சத்தமில்லாமல் திறந்த கோப்பு

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா, இரண்டு வார்த்தை போதும் என்று கேட்டார்கள். இரண்டு வார்த்தை என்றால் சுலபம். பயந்து செய்யுங்கள். இதோடு நான் எழுந்து போய்த் தேநீர் கலக்கலாம். ஆனால் நீங்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள், எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சரோஜா. எல்லோருக்கும் சரோ அக்கா. ஈப்போவில், புந்தோங் பக்கத்து அச்சுக்கடை ஒன்றில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா பேனர், சாப்பாட்டுக்கடை மெனு, கருமக்கிரியை அறிவிப்பு என்று புந்தோங்கில் பிறந்து வளர்ந்து போய்ச் சேர்ந்த பாதிப் பேருடைய பெயர் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. போன வருடம் ஓய்வு பெற்றேன். கழுத்து வலி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

நம் தொழிலில் பாதித் தலைவலி வெர்ஷனால் வருவது. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. பழையதில் செய்ததைப் புதியது திறக்கும், ஆனால் தன் இஷ்டத்துக்குத் திறக்கும். ஒரு தடவை பாய் கடை பேனருக்கு ரொட்டி சானாய் படத்தின் கீழே மெல்லிசாக ஒரு நிழல் போட்டுக் கொடுத்தேன். அச்சடித்த கடையில் இருந்தது பழைய பதிப்பு. அதற்காகக் கீழிறக்கிச் சேமித்ததில் நிழல் முழுக்கக் கறுப்புப் பெட்டியாகிவிட்டது. பாய் போன் செய்து, "என்னக்கா, பேனர மாட்டுறதுக்கு முந்தியே என் ரொட்டியக் கருக்கிட்டீங்களே" என்று கேட்டார். திரும்ப அடித்துக் கொடுத்தோம், முடிந்தது. அதெல்லாம் நல்ல ஜாதித் தப்பு. கண்ணில் குத்தும், பிடித்துவிடலாம். எனக்குப் பயம் வேறொன்றில். எந்தத் தப்பும் கண்ணில் படாமல், எந்த எழுத்தும் உடையாமல், அழகாகத் திறந்து நிற்கும் கோப்பைத்தான் நான் இன்றைக்கும் நம்புவதில்லை.

அந்தப் பயம் எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நாகேந்திரன் என்று ஒருவர் கடைக்கு வந்தார். தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை, குடும்பம் புந்தோங்கில். வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். பிறந்து வளர்ந்தது ஆயர் தாவாருக்கு அப்பால் ஒரு தோட்டம். பால்மரம் இருந்து, பிறகு செம்பனை வந்து, இப்போது வீடு கட்டுவதற்காக விற்கப்பட்டுவிட்ட தோட்டம். அங்கே இருந்த பழைய இடுகாட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் தள்ளி மாற்று இடம் கொடுத்திருந்தார்கள். பழைய குழிகளைத் தோண்டி, இருப்பதைச் சட்டியில் எடுத்து, புது இடத்தில் சடங்கு செய்து புதைக்க வேண்டும். அதற்காக ஊர்க்காரர்கள் அமைத்த குழுவுக்கு நாகேந்திரன் செயலாளர்.

ஒரு பெண்ட்ரைவை மேசையில் வைத்தார். "அக்கா, குழிங்களோட பிளான் இதுல இருக்கு. ரொம்பப் பழசு. தொறக்குதான்னு பாருங்க. எங்க போனாலும் சூசா, கஷ்டம்னு திருப்பி அனுப்புறாங்க லா."

அந்தப் பிளானின் கதையை அவரே சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் அந்தத் தோட்டத்து இளைஞர் ஒருவர் ஈப்போவில், மெங்லெம்பு பக்கம் ஒரு சீனர் கடையில் வடிவமைப்பு வேலை பார்த்திருக்கிறார். இடுகாட்டைச் சுத்தம் செய்த ஒரு நாளில், ஊரில் மிச்சமிருந்த பெரியவர்கள் ஒவ்வொரு குழியாக நின்று இன்னார் இன்னார் என்று சொல்ல, அவர் குறித்துக்கொண்டுபோய்க் கணினியில் வரைந்து வைத்தார். பிறகு வெளிநாடு போனவர், இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

பெரியவர்களின் குழிகளுக்குப் பிரச்சினை இல்லை. சிமெண்டுக் கல்லில் பெயர் இருந்தது. பிள்ளைகள் வரிசைதான் சிக்கல். கைக்குழந்தைக்கு அங்கே கல் வைக்கிற வழக்கம் இல்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நடுவார்கள், அவ்வளவுதான். புல்லுக்கு மருந்தடித்து அடித்து அந்தச் செடிகள் எல்லாம் எப்போதோ கருகிப் போய்விட்டன. வேலியோரம் மண் மட்டம்தான் இருக்கிறது. எந்த இடத்தில் எந்தக் குழந்தை என்பதற்கு அந்தக் கோப்பை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

"எங்க மூத்தவனும் அந்த வரிசையிலதான்க்கா இருக்கான்" என்றார் நாகேந்திரன், பக்கத்து மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே. பிறந்து சில மாதத்தில் காய்ச்சலில் போன பிள்ளை, வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிட்டார்களாம். அதற்குப் பிறகு இரண்டு பெண்கள் பிறந்து வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள். ஆனால் அவர் மனைவி கலா, இந்த இடுகாட்டுச் செய்தி வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம்.

கோப்பைத் தொடுவதற்கு முன்னால் நான் எப்போதும் ஒரு காரியம் செய்வேன். வந்ததை வந்தபடியே ஒரு தனி ஃபோல்டரில் நகல் எடுத்து வைப்பேன். அதற்கு 'வந்தபடி' என்றே பெயர். குப்பை சேர்க்கிறேன் என்று முதலாளி அதற்காக என்னைத் திட்டாத மாதம் கிடையாது. பிறகு திறந்தேன். இந்த எழுத்துரு இல்லை, மாற்றட்டுமா என்று கேட்டது. நம்மிடம் இருந்த பழைய எழுத்துருக்களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றைக் கொடுத்தேன். திறந்துவிட்டது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. உங்களுக்கும் அது வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். பழைய கோப்பைத் திறந்தவுடன் நம் கண் தேடுவது ஒன்றைத்தான்: எழுத்து உடைந்திருக்கிறதா? கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக, தலைகீழ்க் கிறுக்கலாகப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் நாம். எழுத்து முழுசாக, படிக்கிற மாதிரி வந்துவிட்டால் போதும், சாமி வரம் கொடுத்த மாதிரி மூச்சு விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு எதையும் பார்க்க மாட்டோம். அன்றைக்குக் கடையில் இருந்த எல்லோரும் அப்படித்தான் மூச்சு விட்டோம்.

பிள்ளைகள் வரிசை ஒரு பக்கத்தில் தனியாக இருந்தது. இடது பக்கம் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு குழி. வலது பக்கம் நேருக்கு நேராகப் பெயர்கள். பெயர் என்றால் குழந்தையின் பெயர்கூட இல்லை. இன்னார் மகன், இன்னார் மகள், அவ்வளவே. கடைசிக் கட்டத்துக்கு நேரே 'நாகேந்திரன் மகன்' என்று இருந்தது. அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். நடுவில் ஒரு கட்டத்துக்கு நேரே மட்டும் பெயர் இல்லாமல் கொஞ்சம் இடைவெளியாக இருந்தது. பெரியவர்களுக்கே அப்போது பெயர் ஞாபகம் வந்திருக்காது என்றார் நாகேந்திரன். அது நியாயமாகத்தான் பட்டது. பார்த்துவிட்டேன், சரி என்று கையெழுத்துப் போட்டார். பிளானை அச்செடுத்துப் பெரிய பலகையில் ஒட்டிக் கொடுத்தோம். அதில் இருந்த பெயர்களை வைத்துத்தான் குழு ஒவ்வொரு குடும்பமாகத் தேடிப் பிடித்துச் செய்தி சொன்னது.

தோண்டுகிற நாள் வந்தது, ஒரு சனிக்கிழமை. காலையில் பூசை போட்டு ஆரம்பிக்கிறார்கள். நான் கடையில் இருந்தேன். சட்டிகளில் ஒட்டுவதற்குப் பெயர்ச் சீட்டு அடிக்க வேண்டும், மதியத்துக்குள் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்று ஏற்பாடு. பெயர்களைத் திரும்பத் தட்டச்சு செய்வானேன், அந்தக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து, பெயர்கள் மேல் சொடுக்கினேன்.

பெயர்கள் முழுவதும் ஒரே பெட்டியாகத் தேர்வானது. ஒவ்வொரு பெயரும் தனித்தனியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிளானை வரைந்தவர் எல்லாப் பெயரையும் ஒரே எழுத்துப் பெட்டிக்குள் வரிசையாக அடித்து, வரி இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக் கட்டங்களுக்கு நேராக நிறுத்தியிருக்கிறார். பெட்டியின் ஓரம் சிவப்பாகக் கோடு காட்டியது. கீழே ஒரு சின்ன அம்புக்குறி. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். உள்ளே இன்னும் எழுத்து இருக்கிறது, இடம் போதாமல் மறைந்திருக்கிறது.

பெட்டியின் அடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். ஒரு வரி வெளியே வந்தது. 'மாணிக்கம் மகள்.'

நான் கொடுத்த எழுத்துரு, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், வரிக்கு வரி ஒரு மயிரிழை அதிகமாக இடம் எடுத்திருக்கிறது. மேலே முதல் சில பெயர்கள் சரியாகவே நின்றன. போகப் போகப் பெயர்கள் கீழே நழுவி, நடுவில் ஒரு கட்டத்தைத் தாண்டி, அதற்குக் கீழே இருந்த ஒவ்வொரு பெயரும் அடுத்த கட்டத்துக்கு நேராக வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசிப் பெயர் கட்டம் இல்லாமல் உள்ளே மறைந்துவிட்டது. நடுவில் பெயரில்லாத கட்டம் என்று நாங்கள் நினைத்தது, நழுவும்போது ஏற்பட்ட இடைவெளி. அப்படியென்றால் கடைசிக் குழி நாகேந்திரன் மகனுடையது இல்லை. அது அந்தப் பெண் குழந்தையுடையது. நாகேந்திரன் மகன் வரிசையில் அதற்கு முந்திய குழியில் இருக்கிறான்.

அங்கே இந்நேரம் தோண்டிக்கொண்டிருப்பார்கள். நாகேந்திரனுக்குப் போன் செய்தேன். போகவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். வேலையை நிறுத்துங்கள், பிளானில் தப்பு இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். போய்ச் சேராமல், ஒற்றைச் சாம்பல் டிக்கோடு அது அப்படியே நின்றது. தோட்டத்துக்குள் லைன் கிடைக்காது என்று அவரே சொல்லியிருந்தார்.

முதலாளியிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கையெழுத்தில் பெரிய நம்பிக்கை உள்ளவர். வாடிக்கையாளர் பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டால் கடையின் பொறுப்பு முடிந்தது என்பது அவருடைய வேதம். அன்றைக்கும் அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நாமே போய்த் தப்பு என்று சொன்னால் பழி நம் தலையில் விழும், மண்ணுக்குள் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கையெழுத்துப் போட்டவருடைய பிள்ளைதான், பாஸ், அங்கே கிடப்பது என்றேன். அதற்கு மேல் அனுமதி கேட்டு நிற்கவில்லை.

இப்போது நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டிய இடம். என் மேசைக்குத் திரும்பி வரி இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பெயர்கள் மேலே ஏறின. ஒரு கட்டத்தில் எல்லாப் பெயரும் எல்லாக் கட்டத்துக்கும் நேராக வந்து நின்றன. ஒன்றுகூட மிச்சமில்லை. அதை அச்செடுத்துக்கொண்டு உடனே காடியில் ஏறியிருக்கலாம். ஆயர் தாவாருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு நிமிடமும் அங்கே மண் வெட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் நான் ஏறவில்லை. நான் இழுத்த இழுப்புக்குத்தான் அது வந்து நின்றது. அந்த மனிதர் வரைந்தபோது அப்படித்தான் இருந்ததா? நடுவில் உண்மையிலேயே பெயர் தெரியாத ஒரு குழி இருந்து, கடைசிக் குழிக்கு இரண்டு குழந்தைகள் என்று எழுதியிருந்தால்? அப்படியும் உண்டு, கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு தப்பைச் சரிசெய்கிறேன் என்று இன்னொரு தப்பைக் கொண்டுபோய் ஒரு தாயின் கையில் கொடுத்துவிட்டால் என்ன செய்வேன்?

'வந்தபடி' ஃபோல்டரில் இருந்த தொடாத கோப்பைப் பெண்ட்ரைவில் எடுத்துக்கொண்டு மெங்லெம்புக்கு ஓட்டினேன். ஆயர் தாவார் போகிற வழிப்பக்கம்தான், ஆனால் இறங்கி நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அந்தச் சீனர் கடை இன்னும் இருக்கிறது என்று தெரியும். ஸ்டிக்கர் வெட்டுகிற கடை, உரிமையாளர் ஆ செங். அவருடைய வெட்டும் இயந்திரம் ஓர் அரதப்பழசான கணினியோடு மட்டும்தான் பேசும், அதனால் அந்தக் கணினியை அவர் தூக்கிப் போடவில்லை என்று தொழிலில் எல்லோரும் கேலி பேசுவார்கள். அன்றைக்கு அந்தக் கேலிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆ செங் முதலில் மறுத்தார். வெளிப் பெண்ட்ரைவ் எதையும் அந்தக் கணினியில் அவர் சொருக விடுவதில்லை. வைரஸ் ஏறி அது கெட்டு ரோசாக் ஆகிவிட்டால் கடையையே மூட வேண்டியதுதான், புதிதாக வாங்கினாலும் வெட்டும் இயந்திரம் அதோடு வேலை செய்யாது என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் மலாயும் ஆங்கிலமும் கலந்து, தோட்டம், குழி, குழந்தைகள் என்று சொன்னேன். குழந்தைகளா என்று ஒரு தடவை கேட்டார். வருடா வருடம் குடும்பத்தோடு போய்த் தங்கள் பெரியவர்களின் கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் அவர்கள். பெண்ட்ரைவை என் கையிலிருந்து வாங்கித் தானே சொருகினார்.

அந்தக் கணினி விழித்தெழுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. திரையில் ஒரு மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆ செங், பிளானை வரைந்த அந்தப் பழைய வேலையாளை நினைத்துப் பேசினார். நல்ல பையனாம். ஆனால் எதையும் ஒழுங்கான முறையில் நிறுத்தத் தெரியாதாம், என்டர் தட்டித் தட்டியே எல்லாவற்றையும் நேராக்குவானாம், எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கோப்பு திறந்தது. வரைந்த கணினி, வரைந்த பதிப்பு, வரைந்த எழுத்துரு. ஒவ்வொரு பெயரும் அதனதன் கட்டத்துக்கு நேரே நின்றது. பெயரில்லாத கட்டம் இல்லை. கடைசிக் கட்டத்துக்கு நேரே 'மாணிக்கம் மகள்'. அதற்கு மேலே 'நாகேந்திரன் மகன்'. ஆ செங் அதை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் போ போ என்று கையை ஆட்டினார்.

நான் கடையில் நசுக்கி வரவழைத்ததும் இதுவும் ஒன்றேதான். ஒரு வித்தியாசமும் இல்லை. அப்படியானால் மெங்லெம்புவில் நின்ற நேரம் வீண்தானே என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்துக்குக் காடி ஓட்டிக்கொண்டு போகிற வழி முழுக்க என்னை நானே அதைத்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டு பக்கமும் செம்பனை, முன்னால் ஒரு லாரி, அதைத் தாண்ட முடியவில்லை. நேராகப் போயிருந்தால் தோண்டுவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பேனோ என்ற எண்ணம் மனத்தைப் பிசைந்தது. பதில் எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் நடிக்கவும் விரும்பவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கூடாரம் போட்டிருந்தார்கள். பெரியவர்களின் பக்கம் இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வரிசையை மட்டும் மண்வெட்டியால் கையாலேயே தோண்டுவது என்று முடிவாம். செயலாளரே முதலில் தொடங்கட்டும் என்று மற்ற குடும்பங்கள் ஒதுங்கி நின்றிருந்தன. கடைசிக் குழி ஏற்கனவே திறந்திருந்தது.

கலா கொஞ்சம் தள்ளி ஒரு மர நிழலில் நின்றிருந்தார். மஞ்சள் துணி சுற்றிய சட்டியை இடுப்பில் வைத்திருந்தார். பிள்ளையைத் தூக்குகிற மாதிரியே வைத்திருந்தார். அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் திரும்பிக் காடிக்கே ஓடிவிடலாம் போல இருந்தது.

நாகேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கள் கடையில் அடித்த பிளானின் நகல், ஆ செங் கொடுத்தது என்று இரண்டு தாளையும் காட்டினேன். அவருக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை, தொழிற்சாலையில் வரைபடம் பார்க்கிறவர். மண் ஒட்டிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உள்ள ஒன்னும் இல்லக்கா. வெறும் மண்ணுதான் இருந்துச்சு. அத்தனை வருசம் ஆச்சு. அவ இப்பதான் அழுது முடிச்சிருக்கா. விட்டுருங்க. யாருக்கும் தெரியாது."

முதலாளி சொன்னதையேதான் அவரும் சொன்னார். ஆனால் முதலாளி பழிக்குப் பயந்து சொன்னார், இவர் மனைவிக்காகச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்ய? ஒரு நிமிடம் எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. மண்ணுக்கும் மண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று மனசு வாதாடியது. ஆனால் நான் பேசாமல் போனால் நடுவில் இருந்து கீழே இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் பக்கத்துக் குழியைத்தான் தோண்டும். இதை அவரிடம் சொன்னேன். அவர் இரண்டாவது தாளைத் திரும்பப் பார்த்தார்.

"அப்ப எங்க தம்பி இன்னும் உள்ளதான் இருக்கானா?"

ஆமாம் என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மனைவியிடம் போய்ச் சொல்ல அவரால் முடியாது என்று தெரிந்தது. நான் போனேன். நம் தொழிலில் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், பத்திரிகை தாமதம், நிறம் மாறிவிட்டது என்று. அதற்கெல்லாம் வாயில் வார்த்தை தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை.

"கலா, பிளான்ல பேரெல்லாம் கீழ எறங்கிப் போச்சும்மா. எங்க கடையில தொறந்தப்ப ஆன தப்பு. இது உங்க புள்ளையோட குழி இல்ல. அவன் அதுக்கு முந்தின குழியில இருக்கான்."

அவர் என்னைப் பார்த்தார். கத்துவார், அடிப்பார் என்றெல்லாம் நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. மெதுவாக, "அப்படித்தான் இருக்கும்னு சொல்றீங்களா, இல்ல நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார்.

பழைய கணினியில், வரைந்தபடியே திறந்து என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன், நிச்சயம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடிவதற்காகத்தான் மெங்லெம்பு போனேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு நான் சொல்லித் தர முடிந்தது இவ்வளவுதான் பிள்ளைகளே. கோப்பு திறந்துவிட்டது என்பது ஒன்றுமில்லை. முதல் வரியைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், கடைசி வரியைப் போய்ப் பாருங்கள். வந்ததை வந்தபடியே பத்திரமாக வையுங்கள், யார் திட்டினாலும். தப்பு தெரிந்தால் ஓடுங்கள். ஆனால் கையில் ஊகத்தை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

கலா சட்டியைக் குனிந்து பார்த்தார். "அப்ப இது யாரு?"

மாணிக்கம் மகள் என்றேன். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. லெட்சுமி அக்கா பிள்ளை என்றார். தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர்களாம். கலாவின் பிள்ளை போன அதே மழைக்காலத்தில் அவர்களுடையதும் போனது. அந்தக் குடும்பம் எப்போதோ தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. பலகையில் பெயர் இல்லாததால் குழு அவர்களைத் தேடவும் இல்லை. இனிமேல் தேடத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்தக் குழந்தைக்கென்று அங்கே ஒருவரும் வந்திருக்கவில்லை.

நாகேந்திரன் அந்த முந்திய குழியைத் தானே தோண்டினார். யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. அங்கேயும் மண்தான் இருந்தது. அதோடு துருப்பிடித்த ஒரு சின்னக் காப்பு. அதைப் பார்த்ததும் அவர் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மற்ற குடும்பங்களும் புதுத் தாளைப் பார்த்துத் தங்கள் தங்கள் இடத்துக்கு மாறி நின்றன. ஒருவர் என்னைத் திட்டினார், நியாயம்தான், கேட்டுக்கொண்டேன். பெயர்ச் சீட்டுகள் அடிக்கவே இல்லை. பேனாவால் எழுதி ஒட்டினேன்.

புது இடத்தில் சடங்கு. பண்டாரம் ஒவ்வொரு சட்டியாக முன்னால் வைத்து, உரிமைக்காரர்கள் யார் என்று கேட்டு, அவர்கள் பெயரைச் சொல்லிப் பூசை செய்தார். கலா இரண்டு இடுப்பிலும் இரண்டு சட்டியோடு நின்றிருந்தார். முதல் சட்டியை வாங்கித் தனியாக வைக்கிறோம் என்று யாரோ கை நீட்டியபோது அவர் கொடுக்கவில்லை. மகனுக்கு முறை வந்தது, நாகேந்திரன் முன்னால் போய் நின்றார். அடுத்தது அந்தச் சட்டி. பண்டாரம் சீட்டைப் படித்துவிட்டு, இந்தப் பொண்ணுக்கு யாரும்மா வந்திருக்கீங்க என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நான் வந்திருக்கேன்" என்றார் கலா. "காலையிலேருந்து தம்பி தம்பின்னு கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கேன், பேசாமக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அம்மான்னே சொல்லுங்க சாமி."

பண்டாரம் ஒரு கணம் நாகேந்திரனைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். கலாவின் பெயரைச் சொல்லியே பூசை நடந்தது.